மூலையோடு மூலை

எங்கள் சலவைக்கூடத்தில் மதியத்துக்கு மேல் யாரும் தரையில் நடப்பதில்லை, மிதக்கிறோம். அப்படித்தான் எனக்குத் தோன்றும். பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகள் முழுக்க எங்களிடம்தான் வரும். உலர்ந்த சூட்டோடு ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து உதறினால், காற்று புகுந்து துணி மேலே எழும்பும். எதிரில் நிற்பவள் மறைந்துபோவாள். துணி தாழ்ந்ததும் மறுபடி இருப்பாள். உயரத்து ஜன்னல் வெளிச்சமும் ஆவியும் சோப்பு வாசனையும் சேர்ந்து கண்ணைச் சொருகும்.

உதறி, நேராக்கி, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். சேர்கிற நொடியில் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். அப்போது வெறுங்கையோடு வரக்கூடாது. தெரிந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ! "அந்த மூலை மெஷின் கதவைத் தட்டிட்டு மூடு." "சிவப்பு மூட்டையில தொத்துநோய்த் துணி, கையுறை இல்லாம தொடாத." இப்படித் துண்டு துண்டாகத்தான் இங்கே எல்லோரும் வேலை கற்றார்கள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கொக்கு. ஒற்றைக்காலில் நின்று, மற்றதைச் சுவரில் மடித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனிப்பார். பேச்சை அடக்குகிற ஆள் இல்லை. ஒருத்திக்கு எது தெரியவில்லையோ, அது தெரிந்தவளோடு ஜோடி சேர்த்துவிடுவார். அவர் நடத்துகிற பயிற்சி அவ்வளவுதான்.

என்னை அவர் சேர்த்தது என் ஓரகத்தியோடு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியோடு. போயும் போயும்.

வீட்டில் எங்களுக்கு எல்லாமே பாதி. அடுப்படி பாதி, துணிக்கொடி பாதி, மாமியாரின் புலம்பல் பாதி. குளியலறை மட்டும் பொது. அதன் குழாய் மூடினாலும் சொட்டும். எப்படி மூடினால் சொட்டாது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஓரகத்தி குளித்துவிட்டு வந்ததும் சொட்டுச் சத்தம் கேட்கும், பின்னாலேயே மாமியார் திட்டுவதும் கேட்கும். நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? அவள் முன்பிருந்தே வேலை பார்க்கும் இந்தக் கூடத்தில் நானும் வந்து சேர்ந்த நாளிலிருந்து, அவள்தான் எனக்கு முகம் கொடுப்பதில்லை.

நான் பார்ப்பது வெளுக்கும் மெஷின். ஆபரேஷன் அறை விரிப்புகள் கறை எதுவும் தெரியாமல் உள்ளே போய்ப் பழுப்புத் திட்டோடு வெளியே வந்தன. பிளீச்சைக் கூட்டினேன். திட்டு இன்னும் கறுத்தது. துணி என்னைக் கேலி செய்வதுபோல் இருந்தது. நானோ இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். "இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உங்களைக் காப்பாத்த முடியாதும்மா," என்றார் கொக்கு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி. என் கணவருக்கு வேலை போயிருந்த நேரம். இதுவும் போனால் என் பாதி அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அப்போதுதான் எங்களை ஜோடி சேர்த்தார். "வீட்டுச் சண்டையைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க."

முதல் விரிப்பு. ஓரகத்தி என் காதோரம் எங்கேயோ பார்த்தாள். "இதுல நூல் பிரிஞ்சிருக்கு," என்று துணியிடம் சொன்னாள். அடுத்ததில், "ஈரத்தோட மடிச்சா நாறும்." பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வழக்கத்தையும் மீறவில்லை, எனக்கு வேண்டியதையும் தரவில்லை. கெட்டிக்காரி.

துணி எழும்பியது. வெள்ளைக்குப் பின்னால் அவள் வெறும் நிழலாக நின்றாள். சின்ன நிழல், தோள் சரிந்த நிழல். அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ புரிந்தது. இந்தக் கூடத்தில் யாரும் அவளை மூத்த மருமகள் என்று கூப்பிடுவதில்லை. நான் வரும்வரை இங்கே அவள் அவளாகவே இருந்திருக்கிறாள். பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

மூலை சேர்ந்தது. "இங்கயும் பாதி கேட்டு வந்துட்டேன், இல்லக்கா?" என்றேன்.

அவள் கை துணியிலேயே நின்றது. "எனக்குன்னு முழுசா இருந்தது இது ஒண்ணுதான்."

"தெரியுதுக்கா. இன்னைக்கும் பழுப்பா வந்தா நான் போயிடுவேன். அப்புறம் இது உங்க இடம்தான்."

அடுத்த விரிப்பு எழும்பித் தாழ்ந்தது. நடந்து வந்தாள்.

"மோந்து பாத்தியா?"

"எதை?"

ஒரு சந்திப்புக்கு ஒன்றுதான். மறுபடி துணி எழும்பித் தாழும்வரை காத்திருந்தேன்.

"அழுக்குத் துணியை. ஆபரேஷனுக்கு முன்னாடி தோல்ல தடவுற மருந்து வாசனை அடிக்கும்."

அடுத்ததில், "மருந்து கண்ணுக்குத் தெரியாது. பிளீச் பட்டாத்தான் பழுப்பா மாறும்."

அதற்கும் அடுத்ததில், "வாசனை வந்தா தனியா எடுத்து வை. பிளீச் ஒரு சொட்டு கூடாது, அதுக்குப் பதிலா பெராக்சைடு போட்டு வெளு."

அன்று வந்த ஒவ்வொரு விரிப்பையும் மோந்து பார்த்துப் பிரித்தேன். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் நுரையும் துணியும் மேகம்போலச் சுற்றின. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். எப்போது வந்தாளோ, அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவு திறந்தது. எல்லாம் வெள்ளை. தூரத்தில் கொக்கு நிம்மதியாக ஒரு காலை மடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உலர்ந்த விரிப்பை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தெரிஞ்சதை உங்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் மெதுவாக. "எங்கிட்டயும் அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் கொறையல."

மடிக்கத் தொடங்கினோம். துணி எழும்பியது, அவள் மறைந்தாள். இப்போது நான் வெறுங்கையோடு போகக்கூடாது. மூலை சேர்ந்தது.

"நம்ம வீட்டுக் குளியலறைக் குழாய்," என்றேன். "லேசா மேல தூக்கிட்டு மூடணும்க்கா. அப்பச் சொட்டாது."

அவள் அசையவில்லை. "அப்ப நான் தெனமும் திட்டு வாங்கினப்ப எல்லாம்..."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

என் கையிலிருந்த மூலைகளை வெடுக்கென்று பிடுங்கினாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். விரிப்பு முழுவதும் என் தலைமேல் வந்து விழுந்தது. உள்ளே ஒரே வெள்ளை, இளஞ்சூடு. வெளியே அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"வெளிய வாடி," என்றாள். "இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்க?"