தீவுக் கல்

கக்கத்துக் கட்டையைத் தறிக்குழிக்குள் போட்டு, மேலே பழைய சேலையை இழுத்து மூடிவிட்டுக் கிருஷ்ணம்மாள் கையைத் தட்டிக்கொண்டாள். ஒற்றைக்கால் புருஷன் சம்பந்தம் முற்றத்துத் தூணில் சாய்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். கட்டை இல்லாமல் எப்படிப் போவான், பார்ப்போம். தெருக்கோடி வீட்டில் அவன் அண்ணன் பஞ்சாட்சரம் விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். அவருக்கும் பெண்சாதி நீலாம்பாவுக்கும் ஆண்பிள்ளை கிடையாது. கூடப் பிறந்தவன் இருக்கும்போது வேறு பங்காளி எவனும் கொள்ளியைத் தொடமாட்டான். கிடக்கட்டும் அந்த மனுஷன், நன்றாகக் கிடக்கட்டும்.

ஐந்து வருஷமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது. புயலில் போன பாம்பன் பாலம் சரியானதும் குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பினார்கள். மண்டபம் ஸ்டேஷனில் இறங்கியதும் பெரியவர் பஞ்சாட்சரத்துக்கு ஆசை வந்துவிட்டது. படகு பிடித்து, ஆளில்லாத பவளத்தீவைப் பார்த்தே ஆகவேண்டுமாம். மீன் இலாகாவில் அனுமதி வாங்கினார்கள், காவல்காரர் ஒருவரும் கூட வந்தார். வெள்ளை மணல், முழங்கால் ஆழத்தில் தெள்ளத்தெளிந்த தண்ணீர், அடியில் பூப்பூவாகப் பவளப்பாறை. கிருஷ்ணம்மாளுக்கே திரும்ப மனசில்லை. எதையும் ஒடிக்கக் கூடாது, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காவல்காரர் அந்தண்டை போனதுதான் தாமதம், பெரியவர் தம்பியைப் பிடித்துத் தள்ளினார்.

"ஒரு கொத்து ஒடிச்சிக்கினு வாடா. தறியில மிதிகட்டை மிதிக்கிற காலு, உனக்கு இன்னா ஆவும்?"

நாளெல்லாம் குழிக்குள் இருப்பவனின் உள்ளங்கால் குழந்தைக் கால் மாதிரி இருக்கும் என்று ஒரு நெசவுக்காரருக்குத் தெரியாதா? செருப்பு அவர் காலில் இருந்தது. பாறை கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவள் கெஞ்சினாள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடாமல் திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். ஒவ்வொரு தீர்த்தத்திலும் அந்தப் புண்ணை நனைத்தார்கள். காஞ்சிபுரம் வந்து சேர்ந்தபோது கால் கறுத்துப்போயிருந்தது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குழியில் இறங்கி மிதிப்பவள் கிருஷ்ணம்மாள். பவளக் கொத்து மட்டும் பெரியவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இவள் வாயைத் திறந்தால் சம்பந்தம், "அண்ணன் வேணும்னா செஞ்சாரு?" என்று அடைத்துவிடுவான்.

வெயில் வந்ததும் தெரு நாட்டாமை துரைக்கண்ணு வந்து நின்றார்.

"ஏம்மா, எல்லாரும் காத்துக்கினு இருக்கிறாங்க. சம்பந்தத்த அனுப்பு."

"கட்டையக் காணோம்பா. தேடிக்கினுதான் இருக்கிறேன்."

"அதுக்கின்னா, நாலு பேரா தூக்கிக்கினு போறோம்."

தூணோரம் இருந்த சம்பந்தம் தலை நிமிரவில்லை. "தூக்கிக்கினு போவ நானா பொணம்? கட்டை கெடைச்சா வரேன்."

துரைக்கண்ணு விவரமான மனுஷன். அவளையே பார்த்தார். "உனக்கு இன்னாதாம்மா வேணும்?"

"கண்ணாடிப் பெட்டியில இருக்குதே, அந்தக் கல்லு. நீலாம்பா அக்கா கையால எடுத்துக் குடுக்கட்டும். கட்டை தானா கெடைக்கும்."

"பொணத்த வெச்சிக்கினு பேசற பேச்சா இது?"

"இவரு கால வெட்டிப் போட்டப்போ ஒருத்தரும் பேசலியேப்பா."

அவர் போய், கொஞ்ச நேரத்தில் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். "நீலாம்பா சாவிகூடத் தேடல, கண்ணாடிய ஒடச்சே எடுத்துக் குடுத்துச்சி," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தூசி படிந்து பழுப்பேறிய ஒரு கல். இதற்கா? மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கல்லைப் புருஷன் முன்னால் வைத்துவிட்டுத் தறிக்குழிக்குப் போனாள்.

"எடது மிதிகட்டை மேல விழுந்திருக்குது," என்றான் சம்பந்தம். "பாத்து எடு. கயிறு மாட்டிக்கப்போவுது."

சேலையைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"தெரியுமா உங்களுக்கு?"

"நீ போட்டப்பவே சத்தம் கேட்டுச்சி."

கட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கல்லை மடியில் வைத்து, ஒடிந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அப்படி சாத்தி வையி," என்றான். "வெயில் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் போறேன்."

அவள் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். தெருக்கோடியில் மேளம் ஓய்ந்து, மறுபடியும் ஆரம்பித்தது.