குடுவைக்கு ஒரு காரணம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சொந்த அனுபவத்தில் பிறந்ததல்ல. பல் வலிக்காக மருத்துவரின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது, கண்ணாடிக் கலைஞர்களுக்கான பரிசுப் பட்டியல் ஒன்றைப் படித்தேன். அதில் பிறந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்தப் படைப்பு எதிலிருந்து வந்தது என்று நான்கு வரி. ஒருவருக்குக் கடல். ஒருவருக்கு அம்மாவின் கை. ஒருவருக்கு, நம்பினால் நம்புங்கள், வெங்காயத் தோல். படங்களை விட்டுவிட்டுக் காரணங்களைத்தான் விழுந்து விழுந்து படித்தேன். எல்லாமே துடைத்து வைத்ததுபோல் இருந்தன. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏன் எழுதினாய் என்று கேட்டால், எனக்கு இந்த ஜென்மத்தில் நான்கு வரியில் பதில் வந்ததில்லை. இவர்களுக்கு மட்டும் எப்படி வருகிறது?

ஆக, காரணத்தில் பொய் சொன்ன ஒரு கண்ணாடிக்காரியை அந்த நாற்காலியிலேயே உண்டாக்கினேன். பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு கணவனும் வந்துவிட்டான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "உலையின் செந்நிற ஒளியில் அவள் முகம் ஒரு..."

வேண்டாம். உலை என்று எழுதினாலே செந்நிறம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாம் முயற்சி: "அரங்கின் கடைசி வரிசையில் அவளுடைய கணவன், அதாவது முன்னாள் கணவன், அதாவது இன்னும் முழுதாக முன்னாள் ஆகாத..."

இதற்கு முன்கதை வேண்டும். சரி, நேராகவே வருகிறேன்.

கண்ணாடி ஊதுவது அவர்கள் பட்டறையில் இருவர் வேலை. அவள் பலகையில் உட்கார்ந்து, நீளமான இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டே இருப்பாள். குழாயின் இந்த முனையில் பாகு பதத்தில் கண்ணாடி. ஈரச் செய்தித்தாளை மடித்து, அதைத் தடவித் தடவி வடிவுக்குக் கொண்டுவருவாள். அந்த முனையில் அவன் முட்டிபோட்டு ஊதுவான். "ஊதுங்க" என்றால் ஊத வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். உருட்டுகிற கை மட்டும் நிற்கவே கூடாது. நின்றால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். வடிவம் அவளுடையது, உள்ளே இருக்கிற மூச்சு அவனுடையது. பெயர் மட்டும் அவளுக்குத்தான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.*

(* இருந்திருக்கலாம். அவனை நான் சரியாக விசாரிக்கவில்லை.)

ஒருநாள் அவன் ஊதிக்கொண்டிருக்கும்போது அவள் ஏதோ சொன்னாள். [என்ன சொன்னாள்? ஏழெட்டு வேடிக்கை எழுதிப் பார்த்தேன். எதற்கும் எனக்கே சிரிப்பு வரவில்லை.] அவன் குழாயை வாயில் வைத்தபடியே சிரித்துவிட்டான். சிரிப்பு நேராகக் கண்ணாடிக்குள் போயிற்று. அதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. கை நின்றது. குடுவை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது.

"போச்சு," என்றான்.

"இருக்கட்டும், விடுங்க."

உடைத்து உலையில் போட்டிருக்க வேண்டியதை, மெல்ல ஆறவிடும் சூளையில் கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பிறகு அவர்கள் பிரிந்தார்கள். ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். பிரிகிறவர்களிடமும் ஊர் நான்கு வரியில்தான் காரணம் கேட்கிறது. நாமாவது கேட்காமல் இருப்போம். பட்டறை அவனுடைய அப்பாவின் இடத்தில் இருந்ததால் உலை அவனோடு நின்றுவிட்டது. அவள் ஒரு பெட்டியோடும், போர்வையில் சுற்றிய அந்தக் குடுவையோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

3.

அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் இல்லை. சாப்பிடும்போது கரண்டிக் காம்பை விரல்களில் உருட்டிக்கொண்டே இருப்பாள். அண்ணி அதைப் பார்ப்பாள். அந்த அண்ணிதான் பரிசு அறிவிப்பைத் தேடிப் பிடித்தவள். பரிசு என்பது பெரிய பட்டறை ஒன்றில் ஓராண்டு முழுக்க ஓர் உலை. அவளுக்கே அவளுக்கென்று.

ஒரே ஒரு நிபந்தனை: உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வடிவம் கலைஞரின் எண்ணத்தில் பிறந்திருக்க வேண்டும். தற்செயலாக அமைந்தவை ஏற்கப்படமாட்டா. (இப்படி ஒரு விதி உலகத்தில் எங்காவது உண்டா? எனக்குத் தெரியாது. கதைக்கு வேண்டியிருந்தது, போட்டேன்.)

அண்ணி நன்றாக எழுதுவாள். குடுவைக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையை அவள்தான் எழுதினாள்: "தனிமையின் பாரம் ஒரு நெஞ்சை ஒருபுறமாய்ச் சாய்க்கும்போது அது என்ன உருவம் கொள்ளும் என்று தேடினேன். இந்தக் குடுவை என் பிரிவின் எடை."

"அண்ணி, இது பிரியறதுக்கு முன்னாடி செஞ்சது."

"தேதியா கேட்டாங்க? காரணம்தானே கேட்டாங்க."

"சிரிச்சதுல வந்தது அண்ணி."

"அதைப் போய் எழுதுவியா? சிரிப்புக்கு யாரும்மா உலை குடுப்பாங்க?"

அண்ணி சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லை. பரிசும் கிடைத்தது.

4.

விழா நாள் காலையில் அவள் அவனுக்குப் போன் செய்தாள். அவன் பதிலை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "நீ தாராளமா அட்டையில இருக்கிறதையே சொல்லு. எனக்கு உன் சந்தோஷம்தான் முக்கியம்." எழுதிவிட்டுப் படித்தபோது கூச்சமாக இருந்தது. அந்த வீட்டில் இப்படி ஓர் உத்தமன் இருந்தால் அவள் ஏன் பிரிந்து வருகிறாள்? திருத்தியது இது:

"கண்காட்சியில அட்டையைப் படிச்சேன்," என்றான். "என்னமோ நான் உன்மேல பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு."

"அண்ணி எழுதினது."

"நீதானே கையெழுத்துப் போட்டே."

"மேடையில உண்மையைச் சொல்லிடவா?"

"சொன்னா உலை போயிடும்."

"தெரியும்."

"அதோட எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க. நான் அழுதுடுவேன். நான் வரவே இல்ல, போ."

அவள் போனை வைக்கவில்லை. "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

அவளுக்கு அவனை நிரம்பப் பிடித்திருந்த நாள் ஒன்று இருந்தது. அதற்குச் சாட்சியாக இருவரிடமும் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அந்தப் புடைப்பு மட்டும்தான் இருக்கிறது. அதன்மேல்தான் சோகம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

5.

முடிவு அ: அட்டையில் இருப்பதையே சொல்கிறாள். கைதட்டல். உலை கிடைக்கிறது.

எழுதிவிட்டு ஒரு வாரம் வைத்திருந்தேன். பிடிக்கவில்லை.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். நடுவர்கள் குசுகுசுக்கிறார்கள். பரிசு வெங்காயத் தோல்காரருக்குப் போகிறது. அவள் நிமிர்ந்து...

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். அவள் உண்மை பேசினால் நல்ல பெயர் எனக்கு. "மனசாட்சியுள்ள எழுத்து" என்று யாராவது இரண்டு வரி எழுதுவார்கள். உலையை இழப்பது அவள். அடுத்தவள் தட்டிலிருந்து எடுத்து நான் தர்மம் செய்கிறேனா?

முடிவு இ: நடுவர்கள் உருகிப்போய் விதியையே மாற்றுகிறார்கள். நான் அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை.

அவள் மேடையில்தான் இருக்கிறாள். அட்டை கையில். தலைமை நடுவர் நல்ல மனிதர். அவரே மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார். "இது எதுலேர்ந்து வந்ததுன்னு உங்க வாயால கேட்கணும்னு எல்லாருக்கும் ஆசை," என்றார். அவள் அரங்கைப் பார்த்தாள். முன்வரிசையில் அண்ணி. கடைசி வரிசையில், வரவே மாட்டேன் என்று சொன்னவன்.

இதற்குமேல் என்னால் ஆகாது. நீங்கள் சொல்லுங்கள், அவள் கேட்பாள். உண்மையைச் சொல்லும்மா என்பீர்கள் என்றால், நாளைக்குக் காலையில் அவள் எந்த உலைக்குப் போவாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அட்டையைப் படித்துவிடு என்பீர்கள் என்றால், எழுந்து கடைசி வரிசைக்குப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள்.