குடியிருந்த வீட்டுக்கு நாற்பத்தொரு மார்க்

புத்தாண்டு பிறந்து பத்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் முன்னறைக்கு வெள்ளைப் பலகை வந்துவிட்டது. தெருவில் மற்றவர்களெல்லாம் முந்தின இரவு கண்விழித்த களைப்பில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்க, அவளுடைய கணவர் மட்டும் குளித்து முடித்து, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். கூட்டம் நடத்த. கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரென்றால் மனைவி, மகள், அப்புறம் அவரே. இந்த மூன்று பேருக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு நிகழ்ச்சி நிரல். செயலாளர் பதவி பதினைந்து வயது மகளுக்கு. கோணல் மாணலாக எழுதப் பழகிய நாள் முதல் அந்தப் பாவத்துக்கு அவள்தான் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பதாவது வருடமாக அதே மூன்று இலக்குகள். ஒன்று, சொந்த வீடு. இரண்டு, சிக்கனம். மூன்று, உடற்பயிற்சி. மூன்றாவது இலக்கு எந்த வருடமும் ஜனவரி பாதியைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. இரண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செலவைக் குறைக்க வேண்டும் என்று பலகையில் எழுதுவதற்காக நான்கு நிறத்தில் புதுப் பேனா வாங்கியதுதான் அந்த வருடத்தின் முதல் செலவு.

அவர் ஒரு பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது வேலை. மூலை நசுங்கியிருந்தால் திருப்பி அனுப்பு, நாடா பிரிந்திருந்தால் திருப்பி அனுப்பு, சீட்டு கோணலாக ஒட்டியிருந்தாலும் அனுப்பு. கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ரிட்டர்ன் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதை அவர் பட்டம் கொடுத்த மாதிரி மார்பை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார்.

பெட்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மனுஷன் வீடு பார்ப்பதையும் அப்படியே ஆக்கிவிட்டார். அறுபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயார் செய்திருந்தார். நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கினால்தான் வீடு பாஸ். ஒன்பது வருடத்தில் ஐம்பத்து மூன்று வீடு பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. ஒரே ஒரு வீடு எழுபத்தொன்று வரை வந்தது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது என்று நான்கு மார்க்கைக் குறைத்து அதையும் வழியனுப்பி வைத்தார். இப்போது அந்த வீட்டு மாடியில் வேறு யாரோ துணி உலர்த்துகிறார்கள், கதவு உள்பக்கம்தான் திறக்கிறது, யாரும் செத்துப்போகவில்லை. ஊரில் உள்ள புரோக்கர்கள் எல்லாம் அவருடைய எண்ணைப் பார்த்தாலே போனை வைத்துவிடுகிறார்கள்.

அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இல்லாத கீறல்கூடக் கண்ணில் படும். வாய் அதைவிடக் கூர்மை. ஒவ்வொரு வீடு பார்த்துவிட்டு வந்த மறுநாளும் கடையில் அவள் வாயைத் திறப்பதற்காகவே மற்றப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தது, சுவரில் காதை வைத்துக் கேட்டது, வீட்டுக்காரர் வாயடைத்து நின்றது, எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வீடு கிடைக்காத வருத்தம் அந்தச் சிரிப்பில் பாதி கரைந்துபோகும்.

கூட்டத்தில் கடைசியாக 'இதர விஷயங்கள்' வந்தது. அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். முந்தின நாள் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் சிஸ்டர். கீழ் வீட்டை விற்றுக் காசாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். சொன்ன விலை, இவர்களுடைய சேமிப்பும் வங்கி தருவதாகச் சொன்ன கடனும் சேர்ந்தால் கட்டிவிடக்கூடிய விலை. "குடியிருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கேக்கணும். அஞ்சாம் தேதிக்குள்ள சொல்லு. இல்லைன்னா புரோக்கர்கிட்ட விட்டுடுவேன், மூணு மாசத்துல நீங்க காலி பண்ண வேண்டியிருக்கும்" என்றார்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. அந்த வீடு வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. காலையில் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழும். கடைக்கு ஐந்து நிமிட நடை. எந்தக் குழாயை எவ்வளவு திருக வேண்டும், எந்தக் கதவு மழைக்குப் பிடிக்கும் என்று கைக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கழற்றி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

ஆனால் நினைத்ததையா சொன்னாள்? "உங்க அறுபது கேள்விக்குப் பாஸாகாத வீடு ஒண்ணு விலைக்கு வருதுங்க. ஒன்பது வருஷமா அதுலதான் குப்பை கொட்டிட்டு இருக்கோம்" என்றாள். பிறகு சிஸ்டர் சொன்ன விலையையும் கெடுவையும் சொன்னாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "விலை ஓகேதான். ஆனா பார்க்காம எப்படி முடிவு பண்றது?"

"எதைப் பார்க்காம?"

"வீட்டை."

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் கதவைப் பூட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினார்.

"அப்பா, உள்ள யாரும் இல்லப்பா" என்றாள் மகள்.

"மணி வேலை செய்யுதான்னு பார்க்கிறேன். ரெண்டாவது கேள்வி."

பிறகு சாவி போட்டுத் திறந்து, தன் வீட்டுக்குள் தானே விருந்தாளியாக நுழைந்தார். கையில் படிவம், இடுப்பில் அளவு நாடா, சட்டைப் பையில் டார்ச். முன்னறைச் சுவரில் பதினாறு ஆணித் துளைகள் என்று எண்ணி எழுதி மார்க்கைக் குறைத்தார். வருடா வருடம் இலக்கு அட்டவணை மாட்டுவதற்காக அந்தப் பதினாறையும் அடித்தவர் அவர்தான். ஜன்னல் வலையில் ஒரு கிழிசல். கேபிள் இழுக்க வெட்டியதும் அவர்தான். குளியலறைத் தரையில் உடைந்த டைல்ஸுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாரோ முன்பின் தெரியாத மடையன் செய்த காரியம் போல உச்சுக் கொட்டினார். மூன்றாவது இலக்குக்காக வாங்கிய இரும்புக் குண்டு அவர் கையிலிருந்து நழுவி விழுந்த இடம் அது. சமையலறைக் கூரையில் புகைக்கறை. படுக்கையறைச் சுவரில் மகள் சின்ன வயதில் பென்சிலால் போட்ட கிறுக்கல்.

நாற்பத்தேழாவது கேள்வி, 'குடியிருப்போர் வீட்டைப் பராமரித்திருக்கும் விதம்'. அவர் யோசிக்கவே இல்லை. 'மிக மோசம்' என்று எழுதி, ஐந்துக்குச் சுழியம் போட்டார்.

"குடியிருக்கிறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"அது வேற விஷயம். வேலைன்னு வந்துட்டா ஆள் பார்க்கக் கூடாது."

மொத்தம் நாற்பத்தொன்று. ஐம்பத்து நான்கு வீடுகளில் இதுதான் கடைசி. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடையில் இதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி ஒரு மூச்சு விடுவது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

"வேணாம்னு நான் சொல்லலையே. மார்க் கம்மின்னா விலையும் கம்மியாகணும், அவ்வளவுதான்" என்றார் அவர். அன்று சாயங்காலமே சிஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கம். பதினொரு குறைகள், ஒவ்வொன்றுக்கும் நீள அகலம், எந்த அறையில் எந்தப் பக்கம் என்ற விவரம். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, 'இப்படிக்கு' போட்டார்.

மகள் படித்துப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் நாம பண்ணினதுதானே? நாமளே எழுதிக் கொடுத்தா, வீட்டை நாசம் பண்ணிட்டோம்னு ஒத்துக்கிற மாதிரி ஆகாதா?"

"சின்னப் பிள்ளை, உனக்குப் பேரம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதத்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

மகளுக்குப் பட்டது அவளுக்குப் படாமலா இருக்கும்? முதல் வரியிலேயே பட்டுவிட்டது. கிழித்துக் குப்பையில் போட்டிருக்கலாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஆனால் சிஸ்டரை நினைத்தாள். டாக்டர்களையே நிற்க வைத்து விரட்டிய மனுஷி. இதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் போதும், ரிட்டர்ன் சார் இந்த ஜென்மத்துக்கு அந்தப் படிவத்தைக் கையால் தொட மாட்டார். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டிய காட்சி. அவர் முகத்தில் ஈயாடாமல் நிற்பதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வீட்டை அப்புறம் பேசி வாங்கிக்கொள்ளலாம். பேனாவை வாங்கி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் தேதி கடிதம் மாடிக்குப் போனது. சிஸ்டர் சண்டைக்கு இறங்கி வரவில்லை. நான்காம் தேதியும் வரவில்லை. ஐந்தாம் தேதி காலையில் புரோக்கர் ஒருவர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் ரிட்டர்ன் சாரைக் கண்டதும் புரோக்கருக்கு ஒரு கணம் கால் பின்னியது. வந்தவர்கள் நாடாவும் பிடிக்கவில்லை, டார்ச்சும் அடிக்கவில்லை. கால் மணி நேரம் இருந்தார்கள். அந்தப் பெண் சமையலறை ஜன்னல் ஓரம் போய் நின்று, வெயிலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, கணவனைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

"நாடகம். ஆள் காட்டி மிரட்டுறாங்க" என்றார் அவர்.

அவர்கள் இறங்கிப் போனதுதான் தாமதம், அவள் மாடிப்படியில் ஏறி ஓடினாள்.

சிஸ்டர் மேசையில் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "முன்பணம் வாங்கிட்டேன்மா" என்றார்.

"இன்னிக்குத்தானே சிஸ்டர் அஞ்சாம் தேதி?"

"உங்க பதில்தான் மூணாம் தேதியே வந்துடுச்சே. பதினொரு சேதம், உங்க கையாலயே எழுதி. உங்க அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன், அது தனி."

"அவரைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே சிஸ்டர். அதையெல்லாம் போய்ப் பெரிசா எடுத்துக்கிட்டு..."

"அவரைத் தெரியாமலா? ஒன்பது வருஷமா மேல இருந்து கேட்டுட்டுத்தானே இருக்கேன். அவர் எழுதினதைப் படிச்சு நான் கோபப்படலம்மா, சிரிச்சேன். கடைசியில பார்த்தா உன் கையெழுத்து. சரி, இவளுக்கும் வேணாம் போலிருக்குன்னு நினைச்சுட்டேன்."

"வேணும் சிஸ்டர்."

சிஸ்டர் இப்போதுதான் நிமிர்ந்தார். "நேத்து படியில பார்த்தப்போ உன்கிட்டக் கேட்டேனே, என்ன முடிவு பண்ணீங்கன்னு. நீ என்ன சொன்ன?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'எங்க வீட்டுக்காரர் இன்னும் மார்க் கூட்டி முடிக்கல சிஸ்டர்' என்று சொல்லிவிட்டு, சிஸ்டரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் சிரிக்கவில்லை. அதையும் அவள் அப்போது கவனித்திருந்தாள்.

"நீ ஒரு வார்த்தை, எனக்கு வேணும்னு சொல்லியிருந்தா, ஒரு மாசம்கூடக் காத்திருப்பேன். இனி கை நீட்டி வாங்கின பணத்தைத் திருப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வெள்ளிக்கிழமை மாத்திரையைப் பிரிக்கத் தொடங்கினார்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒன்பது வருடமாக ஊரே சிரிக்கும்படி ஒரு மனுஷனைச் சந்தியில் நிறுத்தினாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், எனக்கு வீடு வேண்டும் என்று அவரிடமாவது ஒரு தடவை சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தாள். இல்லை.

அவர் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாங்க? எவ்வளவு குறைப்பாங்களாம்?"

நாக்கு நுனியில் பத்துப் பதில் வந்து நின்றது. எதைச் சொல்லியிருந்தாலும் கடையில் ஒரு வாரத்துக்குப் போதும்.

"வித்துட்டாங்க" என்றாள். "எனக்கு இந்த வீடு வேணும்ங்க. ரொம்ப வேணும்னு இருந்துச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவளை அப்படி அவர் பார்த்ததில்லை. கையிலிருந்த படிவத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார்.

"இதை ஏன் நீ முதல்லயே என்கிட்டச் சொல்லல?" என்றார். குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.