ஐந்தாம் வகுப்புப் படம்

1995 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. பெருந்துறைக்கு வடக்கே செம்மேட்டுப்பாளையம் தொடக்கப்பள்ளியின் பொன்விழாவில் பழைய புகைப்படங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

மயில்சாமி மாலையில் போனார். அவருக்கு ஒரு சாயப்பட்டறையில் வேலை. மனைவி பழனியாத்தாள் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்திருந்தாள். குழந்தைகள் இல்லை. கல்யாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்கள் ஊருக்கு வந்தபோது அவள் உயிரோடு இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு படம் எடுத்தார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு மிச்சம்.

படம் இருந்தது. கொடுத்தவர் சுப்பாத்தாள், தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்மணி, அதே வகுப்பில் படித்தவர். நடுவில் நாற்காலியில் வாத்தியார். பின்வரிசையின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சிறுமி நின்றிருந்தாள். அவள் முகமே தெரியாதபடி சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டிருந்தது.

"நாந்தான் வெச்சேன் மயில்சாமி," என்றார் சுப்பாத்தாள். "அமாவாசைக்கு எங்கூட்டுல செத்துப்போனவீங்க படத்துக்கெல்லாம் பொட்டு வெக்கறப்ப பழனியாத்தாளுக்கும் வெச்சுப்போடுவேன். 'ஏ சுப்பி, உனக்குக் கணக்கும் வராது, சொன்னாலும் ஏறாது'ன்னு வாத்தியாரு முன்னாலயே சொல்லுவா. அந்த வாயி ஆருக்கு வரும்?"

"எங்கிட்டயும் அதே வாயிதானுங்க."

இருவரும் சிரித்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்ல குடுத்து அவ மொகத்த மட்டும் பெருசு பண்ணிக்கிறேனுங்க. படத்தத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"எடுத்துட்டுப் போ. பத்தரம். கண்ணாடி ஒடைஞ்சு ரொம்ப நாளாச்சு."

அடுத்த விடுமுறையில் கோயமுத்தூர் உக்கடத்தில் ரசாக் என்பவரின் ஸ்டுடியோவுக்குப் போனார். ரசாக் படத்தை விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி மேல வெக்கற பொட்ட காயிதத்து மேலயே வெச்சிருக்காங்களேண்ணா."

ஈரப்பஞ்சால் ஓரத்தைத் தொட்டார். சந்தனத்தோடு படத்தின் கருமையும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"தொடைச்சா மொகம் போனாலும் போயிருமுங்ணா."

"தொடைக்காட்டி?"

"இப்படியே இருக்கும்."

"தொடைங்க," என்றார் மயில்சாமி.

ஒரு காதும் பின்னலும் மிஞ்சின. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம்.

ரசாக்குக்கு மனம் கேட்கவில்லை. "நா வரைஞ்சு தர்றேனுங்ணா. அடையாளம் சொல்லுங்க. மொகம் உருண்டையா, நீட்டமா?"

"நடுத்தரமுங்க."

"மூக்கு?"

"மூக்கு... எல்லார்த்துக்கும் இருக்கறாப்பலதானுங்க."

"கண்ணு?"

"கோவம் வந்தா மட்டும் நேராப் பாப்பாளுங்க."

"அத எப்படிங்ணா வரையறது?" என்று சொல்லிக்கொண்டே ரசாக் பென்சிலால் ஒரு தாளில் வரைந்தார். வாங்கிப் பார்த்தார் மயில்சாமி. தள்ளிப் பிடித்தும் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்குது. ஆனா இது ஆருங்க?"

மயில்சாமி தாளை மேசைமேல் வைத்துவிட்டு, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஈரோடு பஸ் ஏறினார்.

தோட்டத்து வாசலில் நின்று கூப்பிட்டார். சுப்பாத்தாள் வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

"எங்க மொகம்?"

"பொட்டோட போயிருச்சுங்க. தொடைக்கச் சொன்னது நாந்தான்."

"நா வெக்காம இருந்திருக்கோணும்."

"அப்படியில்லீங்க. நீங்க வெச்சதுனாலதான் இவதான்னு எனக்குத் தெரிஞ்சுது. இல்லீனா அத்தன புள்ளைங்கள்ல எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காதுங்க."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார் சுப்பாத்தாள். வேண்டாம் என்றார் மயில்சாமி.

படம் சுப்பாத்தாள் வீட்டிலேயே இருந்தது. மயில்சாமி மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார்.