பிரம்ம முகூர்த்தக்காரர்

சேஷனைப் போல ஒரு தூங்குமூஞ்சியைத் திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்து அக்ரகாரத் தெருக்கள் அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் ஏழு மணிக்கு முன்னால் அவர் கண் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது. மனைவி வாலாம்பாள் இருந்தவரை காபியை ஆற்றி வைத்து, போர்வையை உருவிப் பார்த்து, கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு போவாள். அப்பேர்ப்பட்ட மனுஷர் எழுபது வயதுக்கு மேல் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார ஆரம்பித்தார். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பக்தியாவது மண்ணாவது! எல்லாம் ஒரு போனுக்காக.

மகன் ஹரிஷங்கர் டாலஸில் இருக்கிறான். வாலாம்பாள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, சாப்பிட்டேளா, மருந்து போட்டுண்டேளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தைகள், பெண்டாட்டி, அதற்குமேல் பெங்களூர் ஆபீஸோடு மீட்டிங். சாயங்காலம் ஆபீஸிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிற முக்கால் மணி நேரம்தான் அவனுக்கென்று இருந்தது. அப்போது இங்கே விடியற்காலை நாலு. அந்த நேரத்தில் கூப்பிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் கெடுமே என்று ஒருநாள் அவன் இழுத்தான். சேஷன் துளிக்கூட யோசிக்கவில்லை.

"தூக்கமா? நான் பிரம்ம முகூர்த்தத்துல எழுந்துக்கறவனாக்கும்."

மகன் நம்பிவிட்டான். நம்பியதோடு நிற்காமல் சிநேகிதர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டான். அதன் பிறகு அவனுக்கு ஆபீஸ் உள்ள நாளெல்லாம் போன் வந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை. அங்கே டிராபிக், இங்கே மழை, குறுக்கே புகுந்த லாரிக்காரனுக்கு நாலு வசவு. ஆனாலும் அப்பாவும் பிள்ளையுமாக ஆயுசில் அவ்வளவு பேசியதில்லை. போனை வைத்த பிறகு வரும் பகல் முழுவதும் அந்த வீட்டில் டிவி ஒன்றுதான் வாயைத் திறக்கும்.

இப்படி இருக்கையில்தான் சேஷனின் இதயம் மக்கர் பண்ணியது. கோட்டைக்குப் பக்கத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் மயங்கி விழுந்தார். துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஹரி ஓடி வந்தான். இருந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கழிந்ததால் அவனிடம் அப்பாவின் குட்டு உடையவில்லை. கருவியைச் சரிப்படுத்த வந்த டெக்னீஷியன் சுஜா, எத்தனை மணிவரை உறங்குவீர்கள் என்று கேட்டபோது அவன் மருந்து வாங்கப் போயிருந்தான். தூங்குகிற நேரத்தில் துடிப்பைக் கொஞ்சம் இறக்கி வைப்பார்களாம். எட்டு மணி நேரம் தூங்கியே தீர வேண்டும் என்று டாக்டர் அன்று காலையில்தான் கண்டித்திருந்தார். சேஷன் நல்ல பிள்ளையாக, பத்திலிருந்து ஆறுவரை என்று சொல்லிவைத்தார். மகனுக்கு ஒரு பொய், ஆஸ்பத்திரிக்கு ஒரு பொய். நடுவில் மாட்டிக்கொண்டது அவருடைய இதயம்.

ஹரி டாலஸ் திரும்பி மறுபடி போன் வர ஆரம்பித்ததும் தொல்லையும் கூடவே வந்தது. நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றும், காது அடைக்கும், மூச்சு வாங்கும். ஹரி சொல்வது பாதி காதில் விழாது. சிக்னல் சரியில்லை என்று சமாளிப்பார். ஆறு மணிக்கு மேல் தலை தானாகத் தெளிந்துவிடும், ஆனால் அப்போது பேச யார் இருக்கிறார்கள்? ஒருநாள் பேசிக்கொண்டே எழுந்தவர் கட்டில் விளிம்பில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டார். நன்றாகவே பயந்துபோனார். டாக்டரிடம் சொன்னால் அந்த நேரத்தில் எழுந்திருக்கவே கூடாது என்பார். மகனிடம் சொன்னால் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவான். சொல்லாவிட்டால் ஒருநாள் விழுந்து கிடப்போம், எடுக்க ஆளில்லை. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒற்றைப் போனுக்காக இப்படியும் ஒரு பிடிவாதம்.

அடுத்த செக்கப்பில் சுஜா முதலில் பார்த்தது உதட்டைத்தான். சாலைக் கடைத்தெருவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், பேச்சில் பாதி மலையாளம். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள். எப்போது தலை சுற்றுகிறது என்று கேட்டாள். அப்படி ஒன்றுமில்லை என்று அவர் மழுப்பினார். அவள் அவருடைய நெஞ்சின்மேல் பேஸ்மேக்கரைப் படிக்கிற வட்டக் கருவியை வைத்துத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், உண்மை சொல்லணும் கேட்டோ. ஆறு மணிவரை நீங்க உறங்குறீங்கன்னு நினைச்சு இது மெதுவாப் போகுது. அந்த நேரத்துல நீங்க உறங்குறீங்களா?"

சேஷனால் அதற்குமேல் மழுப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சுஜா சிரிக்கவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, தூக்க நேரம் மூன்றரையோடு முடிகிற மாதிரி மாற்றினாள். காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா உதட்டைக் கிழித்துக்கொண்டோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் நாலு மணிக்குத் தலை அப்படித் தெளிவாக இருந்தது. ஹரி பேசிய ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் மனுஷருக்கு வாய் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு மணி என்று சொல்லி வைத்ததையும், தலை சுற்றி உதட்டைக் கிழித்துக்கொண்டதையும், அதை மாற்றியதையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார். ஹரி நடுவில் குறுக்கிட்டான்.

"அப்பா, நெஜத்துல எத்தனை மணிக்கு எழுந்துப்பேள்?"

"ஏழுடா," என்றார் சேஷன், இன்னும் சிரித்துக்கொண்டே.

ஹரி காரை ஓரமாக நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. இத்தனை நாளாக அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்து, அவரை விழவும் வைத்துவிட்டேனே என்று மாய்ந்துபோனான். சேஷன் என்ன சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை.

"இனிமே இந்த நேரத்துல கூப்பிட மாட்டேம்ப்பா. நன்னாத் தூங்குங்கோ."

பிரியத்தில்தான் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை. சொன்னபடியே செய்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். பின்னால் குழந்தைகளின் கூச்சல். சாப்பிட்டேளா என்றான், மருந்து போட்டுண்டேளா என்றான், வைத்துவிட்டான்.

சேஷனுக்கு இப்போது அலாரம் வேண்டியிருக்கவில்லை. நாலு மணிக்கு விழிப்பு தட்டும். தலை சுற்றாது, காது அடைக்காது. தெருவில் ஒரு சைக்கிள் போனால்கூடத் துல்லியமாகக் கேட்கும். ஆறு மணிவரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று மனுஷருக்கு அதுவரை தெரியாது.

பத்து நாள் கழித்துச் சுஜா போன் பண்ணி, தொந்தரவு ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை என்றார். மகன் கூப்பிடுகிறாரா என்று கேட்டாள். சேஷன் விஷயத்தைச் சொன்னார். அவள், அப்படியானால் ஒருநாள் வந்துவிட்டுப் போங்கள், பழையபடி ஆறு மணிக்கே மாற்றிவிடலாம், நிம்மதியாக உறங்கலாம் என்றாள்.

"வேண்டாம் மோளே, இப்படியே இருக்கட்டும்," என்றார் சேஷன். "ஒருவேளை கூப்பிட்டான்னா, தலை சுத்தாமப் பேசணுமே."