ஏக்கருக்குப் பதினெட்டு

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, கரிசல் காட்டில் முற்றிக் காய்ந்து நின்ற மக்காச்சோளத்துக்குள் ஈவாஞ்சலின் நான்கு குச்சிகளை ஊன்றிக் கயிறு கட்டினாள். நீளம் ஐந்து மீட்டர், அகலம் ஐந்து மீட்டர். கயிற்றுக்குள் நின்ற கதிர்களை மட்டும், அந்தக் காட்டில் பயிர் வைத்திருந்த பேச்சித்தாய் ஒடித்துச் சாக்கில் போட்டாள்.

துறைமுகத்துப் பக்கம் எத்தனால் ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இந்தத் தாலுகாவில் எவ்வளவு சோளம் கிடைக்கும் என்று காடு காடாகப் போய் மதிப்பிடுவது ஈவாஞ்சலினின் வேலை. மாதாமாதம் நீட்டிக்கும் ஒப்பந்த வேலை.

இருவரும் உட்கார்ந்து கையால் உதிர்த்தார்கள். தராசில் பதினொரு கிலோ நின்றது. ஏக்கருக்குப் பதினெட்டு குவிண்டால். ஈவாஞ்சலின் மேற்பார்வையாளர் நேசக்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், பதினெட்டுதான் வருது. படைப்புழு விழுந்த காடு."

"இருபத்தஞ்சுன்னு போடும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க. கொறச்சுக் காட்டுனா அடுத்த மாசம் ஒனக்கு வேல இருக்காது."

போன் அணைந்ததும் பேச்சித்தாய் கேட்டாள். "நீ எழுதுத எடையத்தான தாயி நான் குடுக்கணும்?"

"ஆமாக்கா. ஆலைக்காரங்க ஒங்ககிட்ட போடுத ஒப்பந்தத்துல அதான் வரும்."

"கொறஞ்சா?"

"நீங்க வெளிய வாங்கிக் குடுக்கணும்."

ஈவாஞ்சலின் பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பேச்சித்தாய் அந்தத் தாளையே பார்த்தாள். "அந்த ஆலைக்கு ஒரு நாளைக்கு எம்புட்டு வேணும்?"

"எரநூத்தி அறுபது டன். இருபது லாரிக்கு மேல."

"ஒரு நாளைக்கா?"

ஈவாஞ்சலின் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தானியம் கொட்டி வைக்கும் இரும்புக் கலம். அதன் ஏணியில் நின்ற ஆள் ஒரு சோள மணி அளவுக்குத்தான் இருந்தான். பேச்சித்தாய் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டாள்.

"எம்மாடி. இது நெறையணும்னா ஊரு ஒலகமெல்லாம் வெதைக்கணுமே. என் மூணு ஏக்கரப் போட்டா ஆலை எம்புட்டு நேரம் ஓடும்?"

ஈவாஞ்சலின் கணக்குப் போட்டாள். சொல்லத் தயங்கினாள்.

"சும்மா சொல்லு."

"அரை மணி நேரம்க்கா."

பேச்சித்தாய் எழுந்து காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஐப்பசியில் அவள் கையால் ஊன்றிய விதை.

"வாரத்துக்கு எடுத்த காடு. பாதி நெலத்துக்காரருக்குப் போயிரும். அப்ப எனக்குக் கால் மணி நேரம்," என்றாள்.

சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே நின்ற முதல் கதிரை ஒடித்தாள்.