வெறும் வயிறு

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது, ஞானஜோதி இல்லையென்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஜெபசீலனும் ஆட்டினான்.

டாக்டர் போன பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. விடியற்காலையில் சேலையூர் போதகர் வந்து, கட்டிலருகே ஜெபித்து, அவளுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஓர் அப்பத் துண்டு, ஒரு மிடறு திராட்சை ரசம். அதைச் சாப்பாடு என்று அவர்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை.

"ஜோதி, காலையில திருவிருந்து எடுத்தியே!"

"அது சாப்பாடா? ஆண்டவரோட சரீரம்ங்க."

"வயித்துக்கு அது தெரியுமா?"

அவள் முகம் வெளிறியது. சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு அவளுக்கு. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். இதயத்தைத் திறப்பதே இங்கே புதிதாக இருந்த காலம். வெளிநாட்டுச் செயற்கை வால்வை வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவளைச் சேர்க்க, பள்ளிக்கூடம் விட்டதும் விடாததுமாய் வாத்தியார் ஜெபசீலன் இந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அலைந்திருந்தான். வந்தவற்றில் மிச்சமிருந்தது ஒரே வால்வு. இன்று அவளுக்கு முடியாவிட்டால் அது எதிர்க்கட்டில் பூவம்மாளுக்கு. கோவளத்தில் மீன் விற்கும் அவளையும் அதற்காகவே பட்டினி போட்டிருந்தார்கள்.

"இன்னா வாத்யாரே, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது? ஆபரேசன் உனக்கா, அதுக்கா?" என்றாள் பூவம்மாள்.

மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் என்று நேற்று நர்ஸ் சொன்னது அவன் காதில் இரைந்தது. ஞானஜோதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதீங்க. ஒரு வாய்தானே? இதை விட்டா எனக்கு எப்பங்க?"

ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் நெருங்கியது. சின்னத் துண்டுதான், கரைந்திருக்கும், என்று அவன் மனம் பேரம் பேசியது. சக்கரம் வாசலில் நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க. இவ சாப்பிட்டிருக்கா."

டாக்டர் கோபப்படவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"சொன்னீங்களே, அது போதும் சார். அடுத்த வால்வு எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

ஸ்ட்ரெச்சர் பூவம்மாளை ஏற்றிக்கொண்டது. இப்போது அவளுக்குக் கேலி வரவில்லை. ஞானஜோதியைத் தாண்டும்போது கையை நீட்டினாள்.

"யம்மா, உங்க சாமியாண்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லு."

ஞானஜோதி அந்தக் கையைப் பிடித்து, விட்டாள். பிறகு, "காபி வாங்கிட்டு வாங்க. இனிமே குடிக்கலாமில்ல," என்றாள்.

ஜெபசீலன் பிளாஸ்க்கை எடுத்தான். வாசல்வரை போனவன் நின்று, அவள் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்தான். ஆஸ்பத்திரியை ஒட்டி மின்சார ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அது தாம்பரத்தைத் தாண்டும்வரை அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.